ரோஜர் டீனையும் ஹிப்நோசிஸையும் விட்டால் வேறு யார்? ப்ராக் ராக் அட்டைகளை வரைந்தவர்கள்

மெலோட்ரான்பித்தன் எழுதியது:

ப்ராக் ராக் (புரோகிரசிவ் ராக், நீளமும் சிக்கலுமான பாட்டுகளுக்குப் பேர்போன ராக் வகை) அட்டைப்படம் என்று யாராவது பேச்சை எடுத்தால் ரெண்டாவது வரியிலேயே ரோஜர் டீன் வந்துவிடுகிறார். மிதக்கும் பாறைகள், யெஸ் குழுவின் லோகோ. அடுத்து ஹிப்நோசிஸ் என்ற வடிவமைப்புக் கம்பெனி, பிங்க் ஃபிளாய்டின் பட்டகம், பசு மாடு. அத்தோடு கடையைச் சாத்திவிடுகிறோம். அவர்கள் பெரிய ஆட்கள்தான், அதில் எனக்குத் தகராறு இல்லை. மற்றவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் என் கேள்வி.

கிங் கிரிம்சனின் முதல் ஆல்பம், 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்', 1969 அக்டோபர். அந்த அட்டையைத் தெரியாதவர் இங்கே யாரும் இருக்க முடியாது. வரைந்தவர் பெயரைத் தேடாமல் சொல்லுங்கள் பார்ப்போம்.

பேரி காட்பர். அவர் முழுநேர ஓவியர்கூட இல்லை, கம்ப்யூட்டர் புரோகிராமர். பாட்டெழுதிய பீட்டர் சின்ஃபீல்டின் நண்பர், அந்த வழியில்தான் இந்த வேலை வந்தது. அட்டையைக் கையில் எடுத்துக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். முன்பக்கத்தில் ஒரு எழுத்து கிடையாது. குழுவின் பெயர் இல்லை, ஆல்பத்தின் பெயர் இல்லை. 1969ல், யாருக்குமே தெரியாத ஒரு புதுக் குழு, பெயரே போடாமல் ஒரு முகத்தை மட்டும் கடையில் வைக்கிறது. செக்கச்செவேலென்று ஒரு முகம், மூக்குத் துவாரம் ரெண்டும் விடைத்து, உள்நாக்கு தெரிகிற அளவுக்கு வாயைப் பிளந்து கத்துகிறது. கண் மட்டும் நம்மைப் பார்க்கவில்லை, பக்கவாட்டில் எதையோ பார்த்து மிரண்டு கிடக்கிறது. உள்ளே திறந்தால் இன்னொரு முகம், இது சிரிக்கிற முகம். குழுவின் கிதார்காரர் ராபர்ட் ஃபிரிப் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார், சிரிப்பைக் கையால் மறைத்துவிட்டுக் கண்களை மட்டும் பாருங்கள், அங்கே இருப்பது சோகம் என்று. மறைத்துப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது.

1970 பிப்ரவரியில் காட்பர் மாரடைப்பில் இறந்துபோனார். வயது 24. ஆல்பம் வந்து நாலு மாதம். அவர் வரைந்த ஒரே ஆல்பம் அட்டை அதுதான். டீ ஷர்ட், போஸ்டர், சாவிக்கொத்து என்று அந்த முகம் இன்றைக்கும் விற்றுக்கொண்டிருக்கிறது.

இந்த மாதிரி ஆட்களைப் பற்றித் தெரிந்ததை இங்கே எழுதுங்கள். டீன் பற்றி எழுத வேறு இழைகள் நிறைய இருக்கின்றன.


டெசிபல் எழுதியது:

வம்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். அந்த ஆல்பம் தேறாமல் போயிருந்தால் அந்த முகத்தை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? மெலோட்ரான் கீபோர்டு அலறுகிறது, சாக்ஸஃபோன் கிழிகிறது, அதனால்தான் படம் நம் மண்டையில் ஒட்டியது. இசைக்குத்தான் காசு கொடுத்தோம், அட்டைக்கு இல்லை. அதே வருஷம் எவ்வளவோ நல்ல ஓவியங்கள் மோசமான ஆல்பங்களின் மேல் அச்சாகிக் குப்பைக்குப் போயிருக்கும். அவர்களுக்கும் இழை திறப்போமா?


33சுற்று எழுதியது:

டெசிபல், இசை முதலில், படம் அதற்குப் பின்னால் வரும் அலங்காரம் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். ஜெனிசிஸ் குழு விஷயத்தில் இது தலைகீழ்.

பால் வைட்ஹெட். 1945ல் கென்ட்டில் இருக்கும் டார்ட்ஃபோர்டில் பிறந்தவர், லண்டன் 'டைம் அவுட்' பத்திரிகையில் ஆர்ட் டைரக்டராக இருந்தவர். 'ட்ரெஸ்பாஸ்' 1970, 'நர்சரி க்ரைம்' 1971, 'ஃபாக்ஸ்ட்ராட்' 1972, மூன்றும் அவர் கைதான். வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் குழுவின் 'பான் ஹார்ட்ஸ்' அட்டையும் அவருடையது.

ட்ரெஸ்பாஸ் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். படம் கிட்டத்தட்ட முடிந்த பிறகு குழு 'தி நைஃப்' பாட்டைச் சேர்த்தது. அது ரத்தம், கலவரம் என்று போகிற பாட்டு, படமோ சாந்தமான அரண்மனைக் காட்சி. வேறு படம் வேண்டும் என்று கேட்டார்கள். வைட்ஹெட் வேறு படம் வரையவில்லை, நிஜக் கத்தியை எடுத்து அதே கேன்வாஸைக் கிழித்துவிட்டார். அட்டையில் நீங்கள் பார்க்கிற கிழிசல் வரைந்தது இல்லை.

நர்சரி க்ரைமில் குரோக்கே மைதானம், புல்தரையில் பந்துக்குப் பதிலாகத் தலைகள், மட்டையோடு சின்தியா. 'தி மியூசிக்கல் பாக்ஸ்' பாட்டில் ஹென்றியின் தலையைத் தட்டிவிடுகிற அதே பெண். பின்னால் இருக்கும் வீடு குழுவின் பாடகர் பீட்டர் கேப்ரியல் வளர்ந்த காக்ஸ்ஹில் மாளிகையை வைத்து வரைந்தது. பழைய விக்டோரியா காலத்துப் படம் மாதிரி தெரிய வேண்டும் என்று மேலே தேன் நிற வார்னிஷ் பூசினார். அந்த மஞ்சளைப் பார்த்து அச்சுக் கோளாறு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது டெசிபல் கேள்விக்கு வருகிறேன். ஃபாக்ஸ்ட்ராட் அட்டையில் சிவப்பு கவுன், நரித்தலை, பனிக்கட்டியின் மேல் நிற்கும் பெண். 1972 செப்டம்பர் கடைசியில் டப்ளின் கச்சேரியில் கேப்ரியல் யாரிடமும் சொல்லாமல் நடுவில் உள்ளே போய், மனைவியின் சிவப்பு கவுனும் நரித்தலையுமாக மேடைக்கு வந்தார். கூட்டம் அப்படியே உறைந்து போனது. குழுவில் இருந்தவர்களுக்கே அதிர்ச்சி. படம் 'மெலடி மேக்கர்' இசைப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தது, கச்சேரிக் கட்டணம் எகிறியது. அதன் பிறகு வந்த பூ முகமூடி, கிழவன் முகமூடி எல்லாவற்றுக்கும் தொடக்கம் அந்த ராத்திரி. கவுனும் நரியும் எங்கிருந்து வந்தன? வைட்ஹெட்டின் மேஜையிலிருந்து. ஓவியரால் குழு பிழைத்தது என்று சொல்ல மாட்டேன், அது அதிகப்படி. ஆனால் யாருக்கு யார் கடன்பட்டார்கள் என்பது நீங்கள் நினைக்கிற மாதிரி அவ்வளவு நேர்கோட்டில் இல்லை.

அப்புறம், அந்த அசல் ஓவியங்கள் ஒன்றுகூட அவரிடம் இல்லை. 1983ல் ஜெனிசிஸின் ரெக்கார்டு கம்பெனியான கரிஷ்மா வர்ஜினுக்குக் கைமாறிய சமயத்தில் அதன் சேமிப்பறையிலிருந்து திருடு போய்விட்டன. விற்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் உள்ளே இருந்தவர்களே கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்கிறார் வைட்ஹெட்.


அச்சுமை எழுதியது:

திருட்டு என்றதும் உள்ளே வர வேண்டியதாகிவிட்டது. நான் ஆஃப்செட் அச்சகத்தில் காலம் தள்ளியவன், நடுநடுவே அட்டைகளும் வரைந்தவன். அந்த நாளில் ஓவியத்தை ஸ்கேன் பண்ணி மெயிலில் அனுப்புகிற கதை இல்லை. அசலையே கொடுத்தாக வேண்டும். அதைக் கேமராவுக்கு முன்னால் மாட்டி, கலர் ஃபில்டரை மாற்றி மாற்றிப் போட்டு நாலு தடவை படமெடுப்பார்கள். நாலு நெகட்டிவ், நாலு பிளேட், அதற்கப்புறம்தான் அச்சு. பெரும்பாலும் ஓவியத்தை அட்டை அளவைவிடப் பெரிதாகத்தான் வரைவோம், சுருக்கும்போது கோடு கூர்மையாகும். ஆக, பெரிய கேன்வாஸ் ஒன்று ஓவியர் வீட்டிலிருந்து கம்பெனிக்குப் போய், அங்கிருந்து கலர் பிரிக்கிற இடத்துக்குப் போய், மறுபடி கம்பெனிக்கு வருகிறது. வேலை முடிந்தது. இனி அதற்கு யார் பொறுப்பு? யாராவது கேட்டு வாங்கினால் உண்டு. இல்லாவிட்டால் ஏதோ ஒரு பீரோவுக்குப் பின்னால் கிடக்கும்.

ஓவியர் ஏன் போய்க் கேட்கவில்லை என்று கேட்காதீர்கள். அடுத்த வேலையும் அதே ஆளிடமிருந்துதான் வர வேண்டும், அசலைக் கொடு என்று நின்றால் 'தகராறு பிடித்த ஆள்' என்று பெயராகிவிடும். நான் ஒரு நாவலுக்குப் போட்ட அட்டையை அந்தப் பதிப்பகம் மறுபதிப்பில் என் பெயரை எடுத்துவிட்டு நிறத்தையும் மாற்றிப் போட்டது. பேசாமல்தான் இருந்தேன். சரி, அது இங்கே வேண்டாம்.

காட்பர் படத்துக்கும் இதே தலைவிதி வந்திருக்கும். அது நிர்வாகக் கம்பெனியான ஈஜியின் அலுவலகச் சுவரில், நல்ல வெளிச்சம் விழுகிற இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்படியே விட்டால் நிறம் போய்விடும் என்று ஃபிரிப் போய் எடுத்து வந்தார். தண்ணீரில் கரைத்த வண்ணத்துக்கு வெளிச்சத்தைவிடப் பெரிய எதிரி கிடையாது. அந்தச் சிவப்பு முதலில் வெளிறிப் போயிருக்கும்.


வயலட்குடை எழுதியது:

இதுவரைக்கும் வந்த பெயர்கள் எல்லாம் ஆண்கள். பெண்களே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், இருந்தார்கள், அவர்களைப் பற்றிய பேச்சு இன்னும் குறைவு.

கிங் கிரிம்சனின் 'லிசார்ட்', 1970. வரைந்தவர் ஜினி பாரிஸ். பழைய காலத்துக் கையெழுத்துப் பிரதிகளில் பத்தியின் முதல் எழுத்தைப் பெரிதாக்கி அதற்குள் கொடியும் மிருகமும் ஆட்களுமாக நிரப்பி வைப்பார்களே, அதே பாணி. ஒரு பக்கம் கிங் என்ற சொல்லின் எழுத்துகள், மறுபக்கம் கிரிம்சன். ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் ஆல்பத்தில் இருக்கும் பாட்டுகளிலிருந்து எடுத்த ஒரு காட்சி. இதில் குறும்பு என்னவென்றால், 'ஹேப்பி ஃபேமிலி' பாட்டு பீட்டில்ஸ் பிரிந்ததைப் பற்றியது. கிரிம்சனில் வரும் 'ஐ' எழுத்துக்குள் பார்த்தால், பீட்டில்ஸ் நாலு பேரும் இருக்கிறார்கள். பாட்டில் யார் பெயரையும் நேராகச் சொல்லவில்லை, படம் சொல்லிவிடுகிறது. பன்னிரண்டு அங்குல அட்டையில் பார்த்தாலே இதைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும், போனில் பார்த்தால் வண்ணக் கோலம் மட்டும்தான் தெரியும்.

கேரவன் குழுவின் 'இன் தி லேண்ட் ஆஃப் கிரே அண்ட் பிங்க்', 1971. ஆன் மேரி ஆண்டர்சன். அந்த இளஞ்சிவப்பு ஊர் அவர் கற்பனை. கேன்டர்பரி இசை (அந்த ஊர்க் குழுக்களின் பாணி) என்றாலே எனக்கு மனதில் வருவது அந்த நிறம்தான், ஆர்கன் சத்தம் அதற்கு அப்புறம்.

அப்புறம் பெட்டி ஸ்வான்விக். 1915ல் பிறந்தவர். கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் படித்து அங்கேயே சொல்லிக்கொடுத்தவர், லண்டன் போக்குவரத்துக் கழகத்துக்கு 1930களிலிருந்தே போஸ்டர் வரைந்தவர், ராயல் அகாடமியில் இடம் பெற்றவர். ஐம்பத்தெட்டு வயதில் ராக் அட்டை. 1973, ஜெனிசிஸின் 'செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்'. அது அட்டைக்காக வரைந்ததே இல்லை, 'தி ட்ரீம்' என்று அவர் ஏற்கனவே வரைந்து வைத்திருந்த படம். தோட்டத்தில் பெஞ்சின் மேல் ஒருவன் படுத்துத் தூங்குகிறான், சுற்றிலும் விசித்திரமான ஆட்கள். குழு அதைப் பார்த்துப் பிடித்துப்போய் அதிலிருந்து ஒரு பாட்டே எழுதியது, புல் வெட்டுகிறவனைப் பற்றிய 'ஐ நோ வாட் ஐ லைக்'. பிறகு, பாட்டில் புல் வெட்டும் இயந்திரம் வருகிறது, படத்தில் இல்லையே என்று கவலை. புதிதாக ஒன்று வரைந்து தர முடியுமா என்று கேட்டார்கள். நேரம் இல்லை என்றுவிட்டார். பழைய படத்திலேயே ஒரு புல் வெட்டும் இயந்திரத்தைச் சேர்த்துக் கொடுத்தார். தூங்குகிறவன் பக்கத்தில் நிற்கிறதே, அதுதான்.

ஆக டெசிபல், படத்திலிருந்து பாட்டு, பாட்டிலிருந்து மறுபடி படம். ஜெனிசிஸின் முதல் ஹிட் சிங்கிள் அது. அலங்காரம் என்று இதைச் சொல்வீர்களா?


டெசிபல் எழுதியது:

சரி, ஸ்வான்விக் விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன், இது எனக்குப் புதுசு. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து ஒரு பாட்டு வந்தது என்பதால் எல்லா அட்டைக்கும் அதே மரியாதை என்று ஆகிவிடாது. ஒரு ஆள் ஒரு வேலையை ஒத்துக்கொண்டார், பேசிய கூலியை வாங்கினார். பின்னால் ஆல்பம் லட்சக்கணக்கில் விற்றால் கூலியை ஏற்றிக்கொடு என்று எப்படிக் கேட்க முடியும்? வீடு கட்டிய கொத்தனார் வீட்டு விலை ஏறிவிட்டது என்று வந்து கேட்கிறாரா?


மெலோட்ரான்பித்தன் எழுதியது:

கொத்தனார் கட்டிய வீட்டின் படத்தை எடுத்துக் காபி கோப்பையிலும் பனியனிலும் அச்சடித்து ஐம்பது வருஷம் விற்பதில்லை, டெசிபல். அதனால்தான் 'அக்வாலங்' விவகாரத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜெத்ரோ டல் குழுவின் ஆல்பம், 1971. அந்த அழுக்குக் கோட்டுக் கிழவனை வரைந்தவர் பர்டன் சில்வர்மேன், 1928ல் புரூக்ளினில் பிறந்த அமெரிக்க ஓவியர். கிரிசாலிஸ் கம்பெனியின் டெர்ரி எல்லிஸ் இவரைப் பிடித்தார். முன்னட்டை, பின்னட்டை, உள்பக்கம் என்று மூன்று படங்கள், மொத்தமாக 1,500 டாலர். எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது, கைகுலுக்கியதோடு சரி. சில்வர்மேன் தரப்பு சொல்வது, ஆல்பம் அட்டைக்கு என்றுதான் பேச்சு, வேறு பொருள்களில் போட்டு விற்பதற்கு இல்லை என்பது. ஆல்பம் எழுபது லட்சத்துக்கு மேல் விற்றது. படம் போகாத பொருள் இல்லை. அவர் பின்னாளில் கேட்டுப் பார்த்தார், ஒன்றும் பெயரவில்லை. எழுத்தில் இல்லையென்றால் என்ன பெயரும்?

இன்னொரு பக்கமும் உண்டு. குழுத் தலைவர் இயன் ஆண்டர்சனுக்கே அந்த அட்டை அவ்வளவாகப் பிடிக்காது, கிழவன் தன்னை மாதிரியே இருக்கிறான் என்பது அவருக்கு எரிச்சல். தேம்ஸ் கரையில் வீடில்லாமல் கிடந்தவர்களை அவர் மனைவி ஜென்னி எடுத்த போட்டோக்களிலிருந்துதான் பாட்டே பிறந்தது. ஆண்டர்சன் நினைத்த கிழவன் ஒருவன், சில்வர்மேன் வரைந்த கிழவன் வேறொருவன். கடைசியில் உலகத்துக்குத் தெரிந்தது சில்வர்மேனின் கிழவன்தான். பாட்டைக் கேட்டிராதவனும் அந்த முகத்தைப் பார்த்திருப்பான்.


கேசட்காலத்தவன் எழுதியது:

நானெல்லாம் இதை முழுக்கக் கேசட்டில் கேட்டவன். அட்டைப்படம் என்றால் தீப்பெட்டிப் படத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான், அதுவும் பாதி நேரம் ஜெராக்ஸ். 'டார்கஸ்' அட்டையில் இருப்பது என்ன ஜந்து என்று யாராவது சொல்லுங்கள். ரொம்ப நாளாக அதை உடும்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.


33சுற்று எழுதியது:

உடும்பு இல்லை அண்ணே, ஆர்மடில்லோ. முதுகில் ஓடு இருக்கும் தென்னமெரிக்க ஜந்து, நம்ம ஊர் அலங்கு மாதிரி. காலுக்குப் பதிலாக டேங்க் சக்கரப் பட்டை, பக்கத்தில் பீரங்கி. மேலே டார்கஸ் என்று எலும்பால் எழுதியிருக்கும்.

வரைந்தவர் வில்லியம் நீல். எமர்சன் லேக் அண்ட் பாமருக்கு அட்டை யோசனைகள் போட்டுக்கொண்டிருந்தபோது விளையாட்டாக ஒரு ஓரத்தில் கிறுக்கியது இந்த ஜந்து. கீத் எமர்சன் கண்ணில் அது பட்டுவிட்டது. மற்ற யோசனைகள் எல்லாம் போயின, ஜந்து நின்றது. கேட்ஃபோல்டை, அதாவது புத்தகம் மாதிரி விரிகிற அட்டையை, திறந்தால் டார்கஸ் ஒவ்வொரு எதிரியோடும் சண்டை போடுகிற கதை வரிசையாகப் படமாக இருக்கும். பக்கம் முழுக்க வாத்தியமும் பாட்டுமாக ஓடுகிற இருபது நிமிஷ இசைக்குக் கதை என்று நாம் இன்றைக்குச் சொல்வதில் பாதி அந்த உள்பக்கத்தைப் பார்த்துத்தான் சொல்கிறோம். வரிகளை மட்டும் படித்தால் ஜந்தைப் பற்றி ஒன்றுமே இருக்காது, சந்தேகம் இருந்தால் படித்துப் பாருங்கள்.

'பிக்சர்ஸ் அட் அன் எக்சிபிஷன்' அட்டையும் நீல்தான். வெளியே காலி சட்டங்கள் மட்டும் சுவரில் தொங்கும், உள்ளே திறந்தால் அதே சட்டங்களுக்குள் ஓவியங்கள் வந்திருக்கும். கேசட்டில் இதற்கு வழியே இல்லை, பாவம்.

அதே குழு 1973ல் 'பிரெயின் சாலட் சர்ஜரி'க்கு எச். ஆர். கீகரிடம் போனது. அவரை மறக்கப்பட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது, 1979ல் 'ஏலியன்' படம் வந்த பிறகு உலகத்துக்கே தெரியும். ஆனால் அவ்வளவு பேர் வாங்கிய ஆளின் படத்துக்கும் அதே கதி. 2005ல் பிராக் நகரக் கண்காட்சி முடிந்த பிறகு அந்த அட்டையின் அசல் ஓவியங்கள் காணாமல் போயின. கண்டுபிடித்துக் கொடுப்பவருக்கு 10,000 டாலர் என்று அறிவித்தார். 2014ல் அவர் இறக்கும்வரை கிடைக்கவில்லை.


அச்சுமை எழுதியது:

இன்னொரு மறைவு உண்டு, அது திருட்டு இல்லை, கம்பெனிப் பெயருக்குள் ஆள் காணாமல் போவது. நம் தொழிலில் இது அன்றாடம்.

ஹிப்நோசிஸ் என்றால் ஸ்டார்ம் தார்கர்சன், ஆப்ரி பவல். யோசனை அவர்களுடையது, அது நிஜம். பேனா பிடித்தவர்கள் பல சமயம் வேறு ஆட்கள். 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' பட்டகத்தையும் அதிலிருந்து பிரிந்து போகிற நிறப் பட்டைகளையும் வரைந்தவர் ஜார்ஜ் ஹார்டி. 'விஷ் யூ வேர் ஹியர்' அட்டையை மூடியிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் உறையின் மேல் ரெண்டு இயந்திரக் கைகள் குலுக்குமே, அந்த ஸ்டிக்கரும் அவர்தான். ஜெனிசிஸின் 'எ ட்ரிக் ஆஃப் தி டெயில்' அட்டையில் பாட்டுகளில் வரும் ஆட்கள் எல்லாம் கோட்டோவியமாக வரிசையில் நிற்பார்கள், அது காலின் எல்ஜி. இவை எல்லாமே ஹிப்நோசிஸ் கணக்கில்தான் பேச்சில் வருகின்றன.

ஹார்டி விஷயத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ப்ராக் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். லெட் செப்பலின் முதல் ஆல்பம், 1969. ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்து விழுகிற 1937 போட்டோவை டிரேசிங் பேப்பரில் வைத்து, பேனாப் புள்ளி புள்ளியாகக் குத்தி அவர் வரைந்தார். அப்போது ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் மாணவர். கூலி 60 பவுண்டு. அந்த டிரேசிங் 2020ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 3,25,000 டாலருக்குப் போனது. இத்தனைக்கும் அவர் முதலில் கொடுத்த யோசனை அது இல்லை, குழு அதைத் தள்ளிவிட்டு இந்தப் போட்டோவைக் கையில் கொடுத்து இதை வரை என்றது.

புள்ளி குத்துகிற வேலை தெரியுமா உங்களுக்கு? மை ஒரு இடத்தில் கொஞ்சம் கனமாக விழுந்தால் அந்த இடம் முழுக்கப் பாழ், அழிக்க முடியாது. ஏலத்தில் அந்தப் பேப்பரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு விரல் வலித்தது.


டெசிபல் எழுதியது:

நீங்கள் எல்லோரும் பெயர் போடாததை அநியாயம் என்றே எடுத்துக்கொள்கிறீர்கள். வேண்டாம் என்று தானே ஒதுங்கியவரும் இருக்கிறார். பார்னி பபிள்ஸ். ஹாக்விண்ட் குழுவின் 'இன் சர்ச் ஆஃப் ஸ்பேஸ்' 1971, 'ஸ்பேஸ் ரிச்சுவல்' 1973. முதலாவது அட்டை வெட்டி வெட்டிப் பருந்து மாதிரி விரியும், உள்ளே விண்வெளிப் பயணக் குறிப்பேடு என்று ஒரு புத்தகமே வரும். ஸ்பேஸ் ரிச்சுவலை விரித்துக்கொண்டே போனால் போஸ்டர் அளவுக்கு வந்து நிற்கும், நடுவில் செக் ஓவியர் மூக்காவின் பாணியில் ஒரு பெண் முகம். இவ்வளவும் செய்துவிட்டுப் பல வேலைகளில் பெயரே போட மாட்டார், போட்டாலும் புனைபெயர். பார்னி பபிள்ஸ் என்பதே புனைபெயர்தான், சொந்தப் பெயர் காலின் ஃபுல்ச்சர்.

அவர் விரும்பித்தான் பெயர் போடவில்லை. இப்போது நாம் அவர் பெயரைத் தேடித் தேடிப் போட்டால் அது அவருக்குச் செய்கிற மரியாதையா, அவர் சொன்னதை மீறுவதா?


மெலோட்ரான்பித்தன் எழுதியது:

நல்ல கேள்வி, ஆனால் அவர் சூழ்நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் 1983 நவம்பரில் தற்கொலை செய்துகொண்டார். வயது 41. கடைசி வருஷங்களில் வேலை குறைந்து பணக்கஷ்டம். பெயர் வேண்டாம் என்பது ஒரு கலைஞனின் கொள்கையாக இருக்கலாம், ஆனால் பெயர் இல்லாத ஆளுக்கு வேலை கொடுக்க யாருக்கும் ஞாபகம் வராது என்பதும் உண்மை. வேண்டாம் என்று சொல்கிற உரிமை அவருடையது. அவர் வரைந்ததை அவர் வரைந்தது என்று நாம் சொல்வதில் எனக்குத் தப்பு தெரியவில்லை.


வயலட்குடை எழுதியது:

எனக்கும். அதோடு, பெயர் வேண்டாம் என்ற ஒருவரைக் காட்டிப் பெயர் கிடைக்காத இருபது பேரின் கணக்கை மூடிவிடக் கூடாது.


இத்தாலிரசிகன் எழுதியது:

இங்கிலாந்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்களே. இத்தாலியில் அதே காலத்தில் நிஜ ஓவியர்களையே அட்டைக்குள் கொண்டு வந்தார்கள். லே ஒர்மே குழுவின் 'உவோமோ டி பெட்ஸா' 1972, வால்டர் மாக் மட்ஸியேரி. அடுத்த வருஷம் 'ஃபெலோனா எ சொரோனா', லான்ஃபிராங்கோ. ரெண்டு பேருமே தனியாகக் கண்காட்சி வைக்கிற ஓவியர்கள், அட்டை வரைவது அவர்கள் பிழைப்பு இல்லை. ஃபெலோனா கதை ரெண்டு கிரகங்களைப் பற்றியது, ஒன்று வெளிச்சத்தில், ஒன்று இருட்டில். அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே முழு ஆல்பத்தையும் கேளுங்கள், அரை மணி நேரம்தான் வரும். வேறு எதுவும் சொல்ல மாட்டேன், இத்தாலி மொழி தெரியாமலே கதை பாதி புரிந்துவிடும்.

பாங்கோ குழுவின் முதல் ஆல்பம் உண்டியல் வடிவத்திலேயே வெட்டிய அட்டை. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? இருந்தால் எனக்கு உங்கள் மேல் பொறாமை.


33சுற்று எழுதியது:

மூடி ப்ளூஸ் குழுவை விட்டுவிட்டோம். ஃபில் டிராவர்ஸ், 1968லிருந்து 1972 வரை வரிசையாக ஆறு ஆல்பம். இவரைச் சொல்வதற்குக் காரணம் வேலை செய்த விதம். குழு இவரை ஸ்டுடியோவுக்கே கூப்பிட்டு ஆல்பத்தைப் போட்டுக் காட்டும், கேட்டுவிட்டுப் போய் வரைவார். 'இன் சர்ச் ஆஃப் தி லாஸ்ட் கார்ட்' படத்தின் மேலெழும்புகிற உருவம், ஸ்டுடியோக் கண்ணாடியில் தன் பிம்பமே அடுக்கடுக்காகத் தெரிந்ததிலிருந்து வந்தது என்று சொல்லியிருக்கிறார். இசையைக் கேட்டு வரைந்தால் வேறு மாதிரி வரும் என்பதற்கு அந்த வரிசையே போதும். ஆனால் ஒரே குழு, ஒரே ஓவியர், ஆறு அட்டை, இப்படி டீனுக்கும் யெஸ்ஸுக்கும் இருந்தால் ஊரே பேசும், டிராவர்ஸுக்கு என்றால் சத்தம் இல்லை. மூடி ப்ளூஸையே ப்ராக் என்று ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பதும் காரணமாக இருக்கலாம், அந்தச் சண்டையை இங்கே தொடங்க வேண்டாம்.


புதுஊசி எழுதியது:

முழு இழையையும் ஒரே மூச்சில் படித்தேன், நன்றி. நான் இப்போதுதான் ரெக்கார்டு வாங்க ஆரம்பித்திருக்கிறேன். ஜென்டில் ஜயன்ட் பற்றி ஒரு சந்தேகம். முதல் ஆல்பத்தில் குழுவைக் கையில் தூக்கி வைத்திருக்கும் அந்த ராட்சசன் யார் வரைந்தது? 'ஆக்டோபஸ்' அட்டை ஒரு இடத்தில் ஒரு மாதிரியும் இன்னொரு இடத்தில் வேறு மாதிரியும் இருக்கிறதே, எது அசல்?


மெலோட்ரான்பித்தன் எழுதியது:

ராட்சசன் ஜார்ஜ் அண்டர்வுட். 1970. பாடகர் டேவிட் போவியின் பள்ளித் தோழர். போவியின் ஒரு கண் வேறு மாதிரி தெரியுமே, அதற்குக் காரணமே இவர்தான். 1962ல் ஒரு பெண் விஷயமாக ரெண்டு பேருக்கும் சண்டை, இவர் விட்ட குத்தில் போவியின் ஒரு கண் பாப்பா விரிந்தது விரிந்தபடி நின்றுவிட்டது. அப்புறமும் கடைசிவரை நண்பர்கள். ஓவியராக அவர் பெயரைத் தேடினாலும் முதலில் வருவது அந்தக் குத்துதான், இதற்கு என்ன சொல்ல.

ஆக்டோபஸ் ரெண்டுமே அசல்தான். 1972ல் இங்கிலாந்து வெளியீட்டுக்கு ரோஜர் டீன் வரைந்தார் (வந்துவிட்டார் பாருங்கள்). அமெரிக்க வெளியீட்டுக்குச் சார்ல்ஸ் ஒயிட் வரைந்தது, கண்ணாடி ஜாடிக்குள் அடைத்து வைத்த ஆக்டோபஸ். இசையில் வித்தியாசம் கிடையாது, எனக்கு ஜாடிதான் பிடிக்கும்.


அச்சுமை எழுதியது:

ஜாடி அட்டை வாங்குவதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள் தம்பி. அது ஜாடியின் வடிவத்துக்கு மேல் விளிம்பை வெட்டி எடுத்த அட்டை, அதனால் பழைய பிரதிகளில் மூடிப் பக்கம்தான் முதலில் மடங்கிக் கிழியும். விற்கிறவரிடம் மேல் விளிம்பைத் தனியாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முன்பக்கப் படம் மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள்.